தையல் மெஷினுக்கு ஒரு பிளக்

அன்பு மகன் அசீமுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அத்தா, நான், உன் பெண்டாட்டி ஷாஹீதா மூவரும் சுகம், ஷார்ஜா வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போனில் பேசினால் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள், அதனால்தான் லீவு முடிந்து கிளம்பும் பக்கத்து வீட்டு யூனுஸ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

திருமங்கலத்தில் நம் புது வீட்டுக்குச் சுவர் எழும்பி வயரிங் வேலை நடக்கிறது. நீ சொன்ன வெள்ளை பிளாக் கல்தான், உளியால் அடித்தால் துண்டு துண்டாகப் பெயர்கிறது என்று எலக்ட்ரீசியன் சின்னக்கருப்பன் வெட்டுகிற மெஷினை வைத்துத்தான் சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி வயர் பைப் பதிக்கிறார், மாவு மில் மாதிரி ஒரே தூசி. முந்தாநாள் டீ கொண்டுபோன இடத்தில் பார்த்தேன், பின் அறை ஜன்னல் பக்கத்தில் ஷாஹீதா சாக்பீஸால் சின்னதாக ஒரு கட்டம் போட்டாள், கொஞ்சம் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டாள். என்னம்மா அது என்றேன். ஒண்ணுமில்ல மாமி, தையல் மெஷினுக்கு இங்க ஒரு பிளக் இருந்தா வெளிச்சத்துல உக்காந்து தைக்கலாமேன்னு நெனச்சேன், அவுக அனுப்புன பிளான்ல இல்ல, விடுங்க என்றாள். இப்போது இருக்கிற வாடகை வீட்டில் சமையற்கட்டு மூலைக்கு வயரை இழுத்துப் போட்டுத்தான் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கிறாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. உடனே சின்னக்கருப்பனிடம் இங்கேயும் ஒண்ணு வெட்டுங்க தம்பி என்று சொல்லிவிட்டேன். அது மெல்லிய சுவர், மறுபக்கம் குளியலறை ஹீட்டருக்கு அதே இடத்தில் ஏற்கெனவே வெட்டியிருந்தது அவசரத்தில் யாருக்கும் நினைவில்லை. வெட்டும் மெஷினை வைத்ததும் சுவர் பொத்துக்கொண்டு அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தது. வேலையைப் பார்த்து நின்ற அத்தாவுக்கு வந்ததே கோபம், மகன் வெயில்ல காஞ்சு கட்டுற வீட்டை இப்புடி ஓட்டை போடுறீகளே, பிளான்ல இல்லாத வேலை எதுக்கு என்று சத்தம் போட்டார். எனக்குப் பிளக்கே வேணாம் மாமா, அடைச்சிருங்க என்று ஷாஹீதா அழுதுவிட்டாள். உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றுகூட என் முன்னால் அழாத பிள்ளை. நான் அத்தாவிடம் சொன்னேன், மகன் கட்டுற வீடுதான், ஆனா பகல் முழுக்க இதுக்குள்ள இருக்கப்போறது இந்தப் பிள்ளைதானே என்று. அவர் வாசலுக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஓட்டையைப் பூசி அடைங்க, ஒரு முழம் தள்ளி வெட்டுங்க என்றவர் அவளைப் பார்த்து, இன்னும் எங்கெங்க வேணும்னு நீயே கோடு போட்டுக் குடும்மா என்றார்.

அறை அறையாகப் போய்ப் போட்டாள் அசீம், மிக்சிக்கு, கிரைண்டருக்கு, எனக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச். உங்கள் அறையில் மட்டும் போடவில்லை, அத அவுக வந்து சொல்லட்டும் மாமி என்கிறாள். உன் பிளானை மாற்றிவிட்டோம் என்று வருத்தப்படாதே. பூசிவிட்டால் உங்கள் அறைக்கு வெட்ட முடியாதே, பூச்சு வேலையை ரம்ஜான் வரை தள்ளிவைக்கலாம் என்று அத்தா சொல்லியிருக்கிறார், அதற்குள் லீவு கேட்டுப் பார். எப்ப வாரீகன்னு அவள் கேட்கமாட்டாள், நீயாக அவளிடம் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, மூட்டு வலித் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக்கொள். உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரியட்டும், உன்னைச் சுகமாக எங்கள் கண்ணில் காட்டட்டும்.

உன் அம்மா,
மைதீன் பீவி