கன்று கரையேறிய பிறகு

அன்புள்ள தம்பி குந்தனுக்கு,

அண்ணி பாருலி எழுதுகிறேன். நம் கோலு சாமியின் தயவில் நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும் சும்மா எழுதுகிற வரிதான் இது. இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் உன் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது. அதில் பேசுவது அப்பாவுக்கும் கேட்கும், உன் மனைவி ஹீராவுக்கும் கேட்கும். மேலத்தெரு ஹரக் சிங் நீ இருக்கும் ஊர்ப்பக்கம் வேலைக்கு வருகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

இந்த வருஷம் பனி அதிகம். நீ சொன்னபடி கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, ஒழுகவில்லை. அப்பாவின் இருமல் வெயில் வந்தால் அடங்கும். எருமை கன்று போட்டதை உன் அண்ணன் சொல்லியிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை நானும் ஹீராவும் எருமைக்குப் பாஞ்சு மரத் தழை வெட்ட மேலே போனோம். கீழேயே தழை இருக்கிறது, ஏரி வரை ஏறுவானேன் என்றேன். "அங்கேதான் நல்ல தழை இருக்கு, வாங்கக்கா" என்று முன்னால் நடந்தாள். கன்றும் பின்னாலேயே வந்துவிட்டது.

ஏரி உறைந்து கிடந்தது. காற்றில்லை, ஒரு பறவைகூட இல்லை. நான் மரத்தின் மேலிருந்து தழையைக் கழித்துக்கொண்டிருந்தேன். கன்று பனிக்கட்டி மேல் போய்விட்டது என்று அவள் கத்தினாள். எட்டிப் பார்த்தபோது அவளும் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். உச்சி வெயில். அந்த நேரத்தில் கட்டி இளகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

நான் இறங்கி ஓடுவதற்குள் கரையிலிருந்து இருபது அடி தூரத்தில் கட்டி உடைந்தது. சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஹீரா நெஞ்சு வரை தண்ணீரில் இருந்தாள், இரண்டு கையும் கட்டியின் விளிம்பில். தழைக்கட்டுக் கயிறுகள் இரண்டையும் முடிந்து, ஒரு நுனியைக் கரையோர மரத்தில் கட்டினேன். குப்புறப் படுத்து ஊர்ந்து போய் மறு நுனியை வீசினேன். சரியாக அவள் கையருகே விழுந்தது.

அவள் எடுக்கவில்லை, தம்பி.

கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கை மரத்துப்போச்சு, விட்டுடுங்கக்கா" என்றாள். அழக்கூட இல்லை. அவ்வளவு நிதானமாகச் சொன்னாள்.

எனக்கு வெறி வந்துவிட்டது. "அடியே, நீ பிடிக்காட்டி நான் அங்கேயே வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். என் பிள்ளைங்களுக்கு யார் சோறு போடறதுன்னு நீயே சொல்லு!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஊர்ந்தேன். சும்மா மிரட்டவில்லை, போய்க்கொண்டுதான் இருந்தேன். என் வயிற்றுக்குக் கீழே கட்டி கிறீச்சிட்டு விரிசல் விட்டது. அப்போதுதான் அவள் முகம் மாறியது. "வராதீங்க! ஐயோ, அங்கேயே நில்லுங்க, வராதீங்க!" என்று அலறினாள். அலறிக்கொண்டே கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

எப்படி இழுத்தேனோ தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

கரையில் தீ மூட்டி, ஈரத்துணியை அவிழ்த்து, என் கம்பளியில் அவளைச் சுற்றினேன். பல் கிட்டிப்போயிருந்தது. உடம்பு சூடேறிய பிறகுதான் வாய் திறந்தாள். "அந்தக் கரைமேட்டுப் புராஞ்சு மரத்தடியிலதானே அக்கா, பாப்பாவைப் புதைச்சு வெச்சாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அவர் வந்திருந்தப்போ ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். அங்கே பார்க்க என்ன இருக்குன்னு கேட்டார். அதுக்கப்புறம் கூரையைப் பத்தித்தான் பேசினார்" என்றாள்.

நீ கல்நெஞ்சன் இல்லை. சிறு வயதிலிருந்தே அழுகை வந்தால் சுத்தியலைத் தேடுகிற ஆள் நீ என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? கல்யாணமாகி உன்னோடு அவள் இருந்த நாளெல்லாம் சேர்த்தால் ஒரு மழைக்காலம் வராது.

வீட்டில் எல்லோரும் இதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். "ஒரு கன்னுக்குட்டிக்காக உசிரையே கொடுக்கப் பார்த்தாளே என் மருமக!" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். ஹீரா தலையைக் குனிந்துகொண்டு அவர்களுக்கு டீ ஊற்றுகிறாள்.

நான் மரத்திலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன், தம்பி. கன்று தானாகத் திரும்பி வந்து கரையில் நின்றிருந்தது. அதற்குப் பிறகும் அவள் உள்ளே நடந்துகொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியாமலிருக்க முடியாது, நான் கூப்பிட்டுச் சொன்னேன். இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இரவில் அவள் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுகிறேன். ஆனால் எத்தனை நாளைக்கு நான் இப்படிக் கண் விழிக்க முடியும்?

லீவு கேள். தரமாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு வா, இங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. வருவதற்கு முன் போன் பண்ணு. இந்தக் கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அண்ணனிடம் நலம் கேட்டுவிட்டு வைத்துவிடாமல், போனை ஹீராவிடம் கொடுக்கச் சொல். பாப்பாவுக்கு நீங்கள் இருவரும் யோசித்து வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியாது, அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அவளிடம் பேசு. அவள் அழுதால் அழட்டும், போனை மட்டும் வைத்துவிடாதே.

நந்தா தேவி உன்னைப் பத்திரமாக வீடு கொண்டு வந்து சேர்க்கட்டும். சீக்கிரம் சேர்க்கட்டும்.

உன் அண்ணி,
பாருலி