வேலியோரம் நாலு வரிசை

ஜூன் 3
மிளகாய்க்குத் தண்ணீர் விட்டேன். அக்கா வயலில் இரண்டு நாளாக மோட்டார் சத்தம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? எனக்கென்ன வந்தது.

ஜூன் 8
ஊரடங்கில் சந்தையை மூடியதால் தக்காளி செடியிலேயே அழுகியதே, அதற்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறதாம். மனு கொடுக்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நிலம் இன்னும் உங்க அப்பா பேர்லதானே இருக்கு? அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் நஷ்டத்துக்கு இன்னொருத்தர் சாட்சி சொல்லணும்."

நல்ல சட்டம் போட்டார்கள். அப்பா போனபின் கிணற்றுப் பக்கம் யாருக்கு என்பதில் வார்த்தை தடித்து, நடுவில் வேலி போட்டு ஆறு வருஷம். அவள் எனக்குச் சாட்சியா? விளங்கினாற்போலத்தான்.

ஜூன் 9
எழுத்தரே அக்காவுக்கும் போன் செய்துவிட்டாராம். வருவாளா?

ஜூன் 15
வந்தாள்.

தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி. அவள் சன்னலோரம், நான் கதவோரம். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் இளைத்திருக்கிறாள் என்று தெரியாதா எனக்கு? அத்தான் போனபின் அவளும் தனிக்கட்டை, என்னைப் போல. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளோ என்னவோ.

"தங்கச்சிக்கு எவ்வளவு சேதம்?" என்று எழுத்தர் கேட்டார்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொத்தமும் போச்சு சார். அழுகின செடிய டிராக்டர் விட்டு உழுதப்போ வேலியோரம் நாலு வரிசைய மட்டும் விட்டு வச்சா. மனசு வரல போல. மறுநாள் அதையும் கையால புடுங்கினா. அழுதுக்கிட்டே புடுங்கினா."

அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. பாத்தவ ஒரு வார்த்த கூப்பிடக் கூடாதா? இத்தன வருஷத்துல ஒரே ஒரு வார்த்த —

என் முறை வந்தது. "அவங்களுக்கும் மொத்தமும்தான்" என்றேன். அவங்களாம். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஜூலை 2
முதல் தவணை வந்தது. விதைக்கு ஆச்சு. இரண்டாவது இருபதாம் தேதிக்கு மேல். அப்போதும் இரண்டு பேரும் போகவேண்டும் அல்லவா? இந்த முறை சொல்லிவிடுவேன். கண்ணாடி முன் நின்று "அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். பைத்தியம்.

ஜூலை 19
இரண்டாம் தவணைக்கு யாரும் நேரில் வரவேண்டாமாம், பணம் தானாகக் கணக்கில் ஏறிவிடுமாம். "அலைச்சல் மிச்சம்" என்று பால்காரர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்த அலைச்சலுக்குத்தானே நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23
இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தேன். சன்னலோரம் காலி.

எழுத்தர் சிரித்தார். "நேர்ல வரவேண்டாம்னு மெசேஜ் வரலையா? அக்கா தங்கச்சிக்கு ஒரே புத்தி. நேத்து உங்க அக்காவும் வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. என்னம்மான்னு கேட்டா, சும்மாதான்னாங்க."

எழுந்து நடந்தேன். வேலி முனையில் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

நிமிர்ந்தாள். துடைத்த துணியை வாளியில் போட்டாள்.

"கால கழுவிட்டு உள்ள வா. இப்பத்தான் தொடைச்சேன்."