மெட்டியோடு போனவளுக்கு

என் கண்ணு சரசு,

அன்றைக்கு உன் ஊட்டில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். கட்டிலில் நீ. உன் காலைப் பிடித்துக்கொண்டு நான். வாசப்படியில் உன் மாமியார் ரங்கம்மா. காசநோய் மாத்திரை கொண்டுவந்த நர்சம்மா மேரி. கம்பி அறுக்கிற கொறட்டோடு உன் ஊட்டுக்காரர் கிட்டுசாமி.

இன்று மதியம் உக்கடத்தில் கிணத்துக்கடவு பஸ் ஏறினேன். ஜன்னல் காற்றுக்குக் கண் செருகிவிட்டது. பக்கத்தில் நீ வந்து உட்கார்ந்தாய். இருமல் இல்லை. வெறுங்கால், வீக்கமும் இல்லை. வெளியே தென்னைகள் தண்ணிக்குள் நிற்பதுபோல் அசைந்தன. "அக்கா, கால் நோகலை" என்றாய். பதில் சொல்வதற்குள் கண்டக்டர் எழுப்பிப்போட்டார். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நினைவிருக்கா? மாத்திரை ஆரம்பித்து ரெண்டாம் மாசம். இருமல் அடங்கி, மூணாவது இட்லி கேட்க ஆரம்பித்திருந்தாய். அப்போதுதான் கட்டைவிரல் மூட்டு தக்காளியாட்டம் சிவந்து, பாதமே வீங்கி, பக்கத்து விரலில் மெட்டி புதைந்துபோனது. போர்வை பட்டாலே கத்தினாய்.

"மாத்திரையில ஒரு மருந்து ரத்தத்துல யூரிக் ஆசிடை ஏத்தும்ங்க. அது மூட்டுல சேர்ந்தா இப்படித்தான் வீங்கும். மெட்டியை அறுத்துட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திப்போடாதீங்க" என்றார் மேரி.

கிட்டுசாமி கொறட்டோடு குனிந்தார். ரங்கம்மா போட்டாள் ஒரு சத்தம்.

"ஏனுங்க நர்சம்மா, எம்பையன் கல்லாட்டம் நிக்கறப்பவே மெட்டியை அறுக்கறதா? உங்க ஊட்டுல அப்படித்தான் பண்ணுவீங்களா? மாத்திரையால வந்த வீக்கந்தானே, மாத்திரையை நிறுத்துனா வடியுது!"

"எங்க ஊட்டுல உசுருதானுங்க பெருசு" என்றார் மேரி.

கிட்டுசாமி அம்மாவைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். கொறட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

நான் ஏன் அதைப் பிடுங்கவில்லை, கண்ணு?

ரங்கம்மா சொன்னபடி மாத்திரையை நிறுத்தினார்கள், வீக்கமும் வடிந்தது. ஆனால் இருமல் திரும்பி வந்தபோது எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மெட்டியோடுதான் உன்னைத் தூக்கினார்கள். "மகராசி, சுமங்கலியாப் போய்ட்டா" என்றார்கள்.

இப்போதைய சேதி கேள். உன் மகள் வயித்துப் பேத்தி பவித்ராவுக்கும் அதே நோய், அதே மாத்திரை. கல்யாணமாகி ஆறு மாசம்தான். போன மாசம் அவளுக்கும் கால் வீங்கியது.

"பெரிய அம்மாயி, அத்தை ஏதாச்சும் சொல்லுவாங்க" என்று அழுதாள்.

"சொன்னா எங்கிட்ட அனுப்பு" என்று சோப்பு நுரையைத் தடவி நானே மெட்டியைக் கழட்டினேன். டாக்டர் ரத்தம் பார்த்து, வலிக்கு மருந்து எழுதி, காசநோய் மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

அவள் மாமியார் வெறும் விரலைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். "கால் வடிஞ்சதும் போட்டுக்கலாம் அம்மணி" என்றுவிட்டுக் காப்பி வைக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் சரசு. அவ்வளவு லேசான காரியம்.

அந்த மெட்டி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. கடைசி மாத்திரையை அவள் முழுங்குகிற வரைக்கும் அவளைப் பார்க்க தினமும் இந்த பஸ்ஸில் வருவேன். நீயும் வா, ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கிறேன்.

ரங்கம்மா செத்துப்போனாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மன்னித்துவிட்டேன். மெட்டி போனால் தன் உசுரு போகும் என்று பயந்து கொறட்டை உள்ளே வைத்தவர் இன்னும் கல்லாட்டம் இருக்கிறார். உன் திவசத்தில் இலை முன்னால் உட்கார்ந்து, "சுமங்கலியாப் போனவ" என்று பெருமை பேசுகிறார். மன்னிக்கவே மாட்டேன், கிட்டுசாமியை.

உன் காலைப் பிடித்திருந்த அக்கா,
ராஜம்மா