கலெக்டர் கடற்கரைக்கு வரும் முன்

முருகன் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
22-9-1968

அன்புள்ள அத்தானுக்குத் தையல்நாயகி வணங்கி எழுதுவது. இங்கே அத்தை, மாமா, நான், வயிற்றில் இருப்பது எல்லோரும் சுகம். புன்னைத்துறை உப்புக் காற்றில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறேன். பதில்தான் இல்லை.

நீங்கள் வரைந்த கடற்கரைப் பிளானின் நகல் வந்து சேர்ந்தது. அத்தை அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, நாலு மூலையிலும் குங்குமம் வைத்துவிட்டார்கள். தலைகீழாக மாட்டியிருக்கிறது, சொன்னால் கேட்டால்தானே! "எம் புள்ள கடலுக்கே கட்டடம் கட்டிக்கினு இருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. மாமாகூடத் தறியை விட்டு எழுந்து வந்து, புயல் அடித்துக்கொண்டு போன இடமா இது என்று கேட்டார். சிமெண்டு நடைபாதை, பெஞ்சுகள், வரிசையாக விளக்குகள், பிள்ளைகளுக்குச் சறுக்குமரம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு சமையலறைக்குப் போய் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்த நடைபாதை போகிற மணலில்தான் மீன்காரர்கள் கரைவலை இழுக்கிறார்கள், வலை காயப்போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை கலெக்டர் பார்வையிட வரும்போது, புயலுக்குப் பிறகு அங்கே யாரும் தொழில் செய்வதில்லை, வெறும் மணல்தான் என்று நீங்கள் சொல்ல வேண்டுமாம். சொன்னால் உங்கள் அதிகாரி ஐப்பசியிலேயே செங்கற்பட்டுக்கு மாற்றல் வாங்கித் தருவாராம். மாட்டேன் என்றால் வேலை முடிகிறவரை அங்கேயே கிடக்க வேண்டியதுதானாம். "நீ சொல்கிறபடி செய்கிறேன், தையல்" என்று முடித்துவிட்டீர்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பதில் போட்டிருந்தால் நீங்கள் தாங்கியிருக்க மாட்டீர்கள். கார்த்திகையில் பிரசவம் என்று தெரிந்தும் இப்படி ஒரு கேள்வியைத் தூக்கி என் மடியில் போடலாமா? வந்துவிடுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அப்படியே எழுதியும் வைத்தேன். தபாலில் போடவில்லை.

நேற்று விடியற்காலை நம் தெருவில் ஒரு கூத்து. தெரு நீளத்துக்கும் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, விளக்குக் கம்பம் நடுவதற்கு அளவெடுக்க ஒருவர் நாடாவும் கையுமாக வந்து நின்றார். அவர் காட்டிய இடம் நட்ட நடுத்தெரு. எதிர்வீட்டு ரேணுகாம்பாள் விடுவாளா? "இங்க கம்பத்த நட்டுட்டா, பாவ உங்க ஆபீசுல வந்து நீட்டலாமாய்யா?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். தெருவே சிரித்தது, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே வந்தால் சுவரில் உங்கள் பிளான். நீங்கள் வரிசையாகப் போட்டிருந்த விளக்குகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதனால் சொல்கிறேன். இருப்பதை இருக்கிறபடி கலெக்டரிடம் சொல்லிவிடுங்கள். நடைபாதையைச் சாலைப் பக்கம் தள்ளிப் போட வழி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதையும் வரைந்து காட்டுங்கள். காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்த பூவம்மாளும் அந்த வலையைத்தானே இழுக்கிறாள்?

ஏதோ பெரிய மனசோடு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களைத் தெரிந்துதான் எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போய்விட்டு, குமரகோட்டம் கோயிலுக்குப் போனோம் என்று அத்தையிடம் புளுகினீர்களே, நினைவிருக்கிறதா? இரண்டு நாள் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நீங்களே போய் உளறிக் கொட்டினீர்கள், திட்டு எனக்கு விழுந்தது. அந்தச் சின்னப் பொய்க்கே அப்படி. இதைச் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வலி எடுத்தால் அத்தை இருக்கிறார்கள், ஐயம்பேட்டையிலிருந்து அம்மாவும் வந்துவிடுவாள். ஆனாலும் நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அது வேறு தைரியம். தந்தி வந்ததும் லீவு கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

போன தடவை நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, குழந்தையைப் புதைத்தும் விட்டார்கள். குழந்தை யார் ஜாடை என்று கேட்டீர்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இந்தத் தடவை எத்தனை நாள் தாமதமாக வந்தாலும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்களே கையில் வாங்கிப் பார்த்து, யார் ஜாடை என்று எனக்குச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேரும் காத்திருப்போம் அத்தான். இருப்போம்.

உங்கள்
தையல்நாயகி