ஒன்பது வடலிகள்

இன்று கோயில் முற்றத்தில் பழைய குருத்தோலைகளை எரித்தோம். நாளை சாம்பல் புதன், நெற்றியில் பூச இந்தச் சாம்பல்தான். போன வருஷம் வீடுவீடாகப் போன ஓலைகள் திரும்பி வந்து இரும்புச் சட்டியில் புகைந்தன. அந்த வாசனை பட்டதுமே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஆறு மாசம் ஆகிறது. இன்னும் உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரே வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது நீ மட்டும் போகமாட்டாய். மாதா பிறந்தநாள் வரும் சமயத்தில் கிளியனூர்ப் பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றிப் பனங்கொட்டை பொறுக்கி வந்து, நம் ஏரிக்கரையில் ஊன்றுவாய். அதுதான் உன் நேர்த்திக்கடன். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சிலுவை வேறு போடுவாய்.

"இன்னாயா, கொட்டைக்கு ஞானஸ்நானமா?" என்று கேலி செய்வேன்.

"அத மழை வந்து குடுக்கும்யா. நான் ஜெபம்தான் சொல்றேன்" என்பாய்.

அவை முளைத்து வடலிகளாகி நம் இடுப்புக்கு மேல் வந்த வருஷம்தான் நான் அதைச் செய்தேன். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கொண்டுவருவது என் பொறுப்பு. பனை ஏறுகிறவர் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை சாயங்காலமும் ஆகிவிட்டது. உன் வடலிகளோ கைக்கு எட்டும் உயரத்தில் நின்றன. ஒன்பதில் குருத்தை அடியோடு அறுத்தேன். பெரிய மரம் ஒரு குருத்துப் போனால் தாங்கும், வடலிக்கு அதுதான் உயிர். இது எனக்குத் தெரியாமல் இல்லை. அவசரம், அவ்வளவுதான்.

மறுநாள் நீ ஓலையை வாங்கவில்லை. "ஆண்டவரு கழுதமேல வந்தாரு. அவருக்கு ஓலை புடிக்கறதுக்கு அவரு வளத்ததையே அறுப்பியா நீ?" என்று கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, பவனியில் எனக்கு முன்னால் வெறுங்கையோடு நடந்தாய். எனக்கு மானம் போயிற்று.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். நேராக உன்னிடம் வந்து, "சாமியாரு மன்னிச்சிட்டாரு, உட்டுடு" என்றேன்.

நீ மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "அவரு மன்னிச்சிட்டாரு, சரி. தண்ணி யாரு ஊத்தறது?" என்றாய்.

அந்தக் கோடை முழுக்கக் குடம் சுமந்தேன். நீயும் வந்து ஊற்றினாய், ஆனால் பேசவில்லை. ஆறு வடலிகள் காய்ந்துபோயின, மூன்று பிழைத்தன. பிறகு மழையைப் பற்றியும் மல்லாட்டை விளைச்சலைப் பற்றியும் பேச ஆரம்பித்தோம். அந்த ஞாயிறைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. வருஷா வருஷம் பவனியில் நீ வெறுங்கையோடுதான் வந்தாய். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். நீ கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாய். மன்னிக்காமலே போய்விட்டாய் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.

இன்று எரிப்பதற்கு ஓலை கொடுக்க உன் வீட்டுக்காரம்மா வந்தார். ஓலைக்கட்டைப் பிரித்து, சின்ன ஓலைச் சிலுவை ஒன்றை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார். பழுப்பேறி, ஓரமெல்லாம் நொறுங்கியிருந்தது.

"அந்த வருஷம் நீங்க அறுத்ததுண்ணா. பவனி முடிஞ்சி கீழ கெடந்தத எடுத்தாந்து முடைஞ்சாரு. எரிக்கக் குடுக்க மாட்டாரு. தெனம் இதப் புடிச்சிக்கினுதான் ஜெபம் பண்ணுவாரு. மொதல்ல ஒங்க பேருதான் வரும்."

சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன். புகை என்று சொன்னேன், யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. அதுதான் என் கோபம்.

சிலுவையை எரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். நீ போன பிறகு, காய்ந்துபோன ஆறு வடலிகளும் நின்ற இடத்தில் நானே கொட்டை ஊன்றினேன். சிலுவை போட வெட்கமாக இருந்தது, ஆனாலும் போட்டேன். நான்கில் ஒற்றை ஓலை எட்டிப் பார்க்கிறது. பிழைத்த மூன்றும் நன்றாக இருக்கின்றன. குருத்து இன்னும் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

வருகிற குருத்தோலை ஞாயிறுக்கு எல்லோரும் பச்சை ஓலை பிடித்து வருவார்கள். நான் உன் காய்ந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு வருவேன். எனக்கு முன்னால் ஓர் ஆள் நடக்கும் இடத்தைக் காலியாக விட்டுத்தான் நடப்பேன்.