மணத்தக்காளியும் உங்கள் வாய்ப்புண்ணும்

பெரியப்பா,

அடுப்பில் மணத்தக்காளிக் கீரை வேகிறது. அப்பாவுக்கு வாய்ப்புண். "சூடுதான், சரியாயிடும்" என்கிறார் அம்மா. அந்த வாசம் வந்ததிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை.

உங்களுக்கும் இதைத்தானே மாதக்கணக்கில் கொடுத்தோம். நாக்கில் தயிர் ஒட்டியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. நாங்கள் சூடு என்றோம். டாக்டரிடம் போகலாம் என்றால் சிரிப்பீர்கள். "இந்த வயசுல எனக்குப் புதுசா இன்னாடி வரப்போவுது?"

கடைசியில் கடைவாய்ப்பல் வலிதான் உங்களைக் குரோம்பேட்டை பல் டாக்டரிடம் கொண்டுபோனது. துணைக்கு நான். அந்த இளம் பெண் டாக்டர் பல்லைவிட நாக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"சார், பிளட் டெஸ்ட் எடுத்துடுங்க. எச்.ஐ.வி.யும் சேர்த்து."

"நான் ரிட்டயர் ஆனவன்மா!"

"அந்தக் கிருமிக்கு அதெல்லாம் தெரியாது சார்."

ரிசல்ட் வந்தபின் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினீர்கள்; பல் டாக்டர் பக்கம் மட்டும் போகவில்லை. தொட்டால் பரவாது என்று அறிவியல் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். "புக்குல போட்டா போதுமா?" என்றீர்கள். தாடை வீங்கியபிறகுதான் கிளம்பினீர்கள். ஷேர் ஆட்டோவில் என் காதருகே குனிந்து, "சொன்னா அந்தப் பொண்ணு கையே வைக்காது. நீயும் சொல்லாத" என்றீர்கள்.

நாற்காலியில் சாய்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் விரல்கள் சில்லென்றிருந்தன.

"ரிசல்ட் என்னாச்சு சார்?"

இல்லை என்று சொல்லிவிடுவீர்கள் என்றே நினைத்தேன்.

"இருக்குதும்மா" என்றீர்கள், கண்ணை மூடிக்கொண்டு.

"எல்லாருக்கும் மாட்டுற அதே கிளவுஸ்தான் சார். என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அத மட்டும் சொல்லுங்க."

பல்லை எடுத்தபின் பஞ்சைக் கடித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தீர்கள். "பேசாதீங்க சார், ரத்தம் நிக்காது" என்று அதட்டினார். உங்கள் கண் நிறைந்திருந்தது.

ஆனால் நோய் முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் நுரையீரலில் தொற்று வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. முன்பே கண்டுபிடித்திருந்தால் பல வருடம் நன்றாக இருந்திருப்பீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த மாதங்களில்தான் நாங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

சற்றுமுன் போன் டார்ச்சோடு அப்பாவிடம் போனேன்.

"வாயைத் தொறங்கப்பா."

"இந்த வயசுல எனக்கு என்னம்மா வரப்போவுது?"

நாக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை எதுவும் இல்லை; உதட்டின் உள்ளே சிவப்பாக ஒரு புண், அவ்வளவுதான். இருந்தாலும் பயம் போகவில்லை. நாளைக்கே குரோம்பேட்டைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் எங்கே நின்றால் கை எட்டும் என்று எனக்குத் தெரியும், பெரியப்பா.