மாமிக்காக மாற்றிய முடிவு

ஒக்டோபர் 12
இன்றும் மழை. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஆங்கிலத் துப்பறியும் நாவலை மாமிக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு பாவம், ரீவியும் இல்லை, பேப்பரும் இல்லை. எழுநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கிராமம். மா அரைக்கும் ஆலைக்காரியின் மகன் தோமஸ் காணாமல் போகிறான். ஒரு சாமியார் விசாரிக்கிறார். தோமஸ் என்ற கிறிஸ்தவப் பெயரைக் கேட்டதும் மாமிக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

ஒக்டோபர் 15
செவ்வாய். மாமி அந்தோனியார் கோயிலுக்குப் போய்த் தன் மகன் றஜித்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். தொலைந்ததைத் தேடித் தருபவராம். அவரை, என் புருசனை, யுத்தத்தில் முள்ளிவாய்க்காலில் தொலைத்துவிட்டு நாங்கள் முகாமால் வந்த பிறகு மாமி ஒரு செவ்வாயும் தவறவில்லை. நான் போவதில்லை. எரிச்சல் வரும். யாரில் எரிச்சல்? அந்தோனியாரிலா?

ஒக்டோபர் 18
தோமஸின் உடல் குளத்தில் கிடக்கிறது. கண்டவர்கள் இரவோடு இரவாகப் புதைத்துவிடுகிறார்கள். அரசனின் அதிகாரி வந்தால் ஊருக்கே தண்டமாம். ஊர் வாயை மூடிக்கொள்ள, தாய் மட்டும் தினமும் அவனுக்குக் கஞ்சி எடுத்து வைக்கிறாள்.
இதை எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. தோமஸ் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய்விட்டான் என்றேன். மாமி றால் உரித்தபடி “உம்” கொட்டினார்.

ஒக்டோபர் 23
பொய்யை வளர்ப்பது பெரிய வேலை. பிரான்சில் அவனுக்குக் குதிரை பார்க்கிற வேலை எடுத்துக் கொடுத்தேன். இன்று காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டான்.

ஒக்டோபர் 27
பிள்ளை உயிரோடு இருந்தால் சாமியார் ஏன் இன்னும் விசாரித்துக்கொண்டு திரிகிறார் என்று மாமி கேட்டார். நாசமாய்ப் போக.
“அவன் செத்திட்டான், என்ன?”
ஓம் என்றேன்.
“எனக்காண்டி மாத்தினியோ, உனக்காண்டியோ?”
எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. ஏன் போனனான்? கோயிலுக்கும் போறேல்லை, அழுறதுமில்லை, நான்தான் திடமானவள் எண்டெல்லோ நினைச்சனான். என்ர புருசன்ர சேட்டெல்லாம் இன்னும் அலுமாரியில கிடக்கு. வருசா வருசம் யேசு பிறந்த நத்தாருக்கு எடுத்துத் தோய்ச்சு மடிச்சு வைக்கிறது ஆர்? நான்தானே.

ஒக்டோபர் 28
ஒன்றையும் மாற்றாமல் முடிவுவரை சொன்னேன். கொன்றவனைச் சாமியார் பிடித்ததில் மாமிக்கு அக்கறையே இல்லை. தாய்க்கு மகனைப் புதைத்த குழியைக் காட்டினார்களா என்று மட்டும் கேட்டார். காட்டினார்கள் என்றேன்.
“குடுத்து வச்சவள்,” என்றார்.

ஒக்டோபர் 29
செவ்வாய். மாமி கோயிலுக்குப் போகவில்லை.

நவம்பர் 2
இறந்த ஆத்துமாக்களின் நாள். கல்லறை இல்லாதவர்களுக்குச் சேமக்காலையின் பெரிய சிலுவையடியில்தான் மெழுகுதிரி கொளுத்துவார்கள். இத்தனை வருடமும் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. போனால் றஜித் உயிரோடு இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. இன்று மாமிதான் போவோம் என்றார்.
முழங்காலில் நின்று, தடவித் தடவி மகனுக்குக் கொளுத்தினார். காற்று அணைத்தது. திரும்பவும் கொளுத்தினார். பிறகு நெருப்புப்பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.
“அந்தரப்படாதை பிள்ளை, அவசரமில்லை,” என்றார்.
வீட்டுக்கு வந்ததும் அலுமாரியிலிருந்து என் புருசனுடைய சேட்டுகளை எடுத்துத் தோய்த்தேன். நத்தாருக்கு இன்னும் நாள் கிடக்கிறது.